டார் பிரிட்ஜ் அமைப்பது எப்படி: பட்டியலில் இல்லாத ஒரு வாசலைத் திறந்து வைக்க

டார் என்பது, யார் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது தெரியாதபடி போக்குவரத்தைப் பல சர்வர்கள் வழியாகச் சுற்றி அனுப்பும் வலையமைப்பு. அதைத் தாங்கி நிற்கும் அந்தச் சர்வர்களுக்கு ரிலே என்று பெயர். ரிலேக்களின் ஐபி முகவரிகள் ரகசியம் இல்லை. மணிக்கொரு முறை புதுப் பட்டியல் வெளியாகிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். டார் பிரவுசர் தன் வழியைத் தேர்ந்தெடுப்பதும் இந்தப் பட்டியலை வைத்துத்தான். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. இணையத்தை அடைக்க நினைக்கும் அரசும் அதே பட்டியலை இறக்கி, அதிலுள்ள முகவரிகளையெல்லாம் ஒரே மூச்சில் தடுத்துவிட முடியும். 2009 செப்டம்பரில் சீனா செய்தது இதைத்தான்.

அந்தப் பட்டியலில் சேராத ரிலேக்குப் பெயர் பிரிட்ஜ், அதாவது பாலம். டாரை உருவாக்கும் அமைப்பான டார் திட்டம் இதை உருவாக்கத் தொடங்கியது 2007-இல். (அதே ஆண்டு ஜூனில்தான் இலங்கையில் தமிழ்நெட் தளம் முடக்கப்பட்டது. நேற்றுவரை திறந்த செய்தித் தளம் இன்று திறக்காமல் போவது எப்படி இருக்கும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.)

2021 டிசம்பரில் ரஷ்யாவில் பல இணைய நிறுவனங்கள் டாரைத் தடுக்கத் தொடங்கின. ஒரு வாரத்துக்குள் டார் திட்டத்தின் இணையதளமும் அங்கே தடைபட்டது. அதற்குச் சற்று முன், நவம்பரில், தன்னார்வலர்களைக் கூப்பிட்ட டார் திட்டம் ஒரு கணக்கைச் சொல்லியிருந்தது: உலகம் முழுவதும் இருப்பதே சுமார் 1,200 பிரிட்ஜ்கள், ஆண்டு முடிவதற்குள் இன்னும் 200 வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரும் கூட்டத்தின் அளவுதான் அது. இதில் ஒரு ஆள் கூடினாலே கணக்கில் தெரியுமே என்று நானும் இறங்கினேன்.

இதைப் படிப்பவரில் சிலராவது ஒன்றை நடத்த வேண்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன். சர்வரில் கட்டளை தட்டிப் பழக்கம் கொஞ்சம் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை.

பிரிட்ஜுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது

ஒருவர் பிரிட்ஜ் வழியாக டாருக்குள் வந்தால், அவருடைய போக்குவரத்து மூன்று இடங்களைத் தாண்டிப் போகிறது. முதலில் உங்கள் பிரிட்ஜ், அப்புறம் நடுவில் ஒரு ரிலே, கடைசியில் வெளியேறும் ரிலே. ஒவ்வொன்றுக்கும் தனக்கு முன்னும் பின்னும் இருப்பவர் மட்டுமே தெரியும். வருபவரின் ஐபி முகவரி உங்களுக்குத் தெரியும்; அவர் எந்தத் தளத்துக்குப் போகிறார், என்ன எழுதுகிறார் என்பது தெரியாது. அவர் போய்ச் சேரும் தளத்துக்கு உங்கள் முகவரி தெரியாது.

இந்தக் கடைசி வரி முக்கியம். டார் ரிலே நடத்தினால் போலீஸ் வரும் என்று பயமுறுத்துபவர்கள் சொல்வது பெரும்பாலும் வெளியேறும் ரிலேயைப் பற்றி. யாரோ செய்த தவறுக்குப் புகார் போவது அந்தக் கடைசி முகவரிக்குத்தான். பிரிட்ஜிலிருந்து எதுவும் பொது இணையத்துக்கு நேராக வெளியே போவதில்லை. அதற்காகச் சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் விதிகளைப் படிக்காமல் விடாதீர்கள். இந்தியாவில் இருக்கும் சர்வர் என்றால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை நிறுவனம் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இணையத்தையே மொத்தமாக அணைத்துவிட்டால் பிரிட்ஜால் எந்தப் பயனும் இல்லை. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் நடந்தது அது. குழாயே மூடியிருக்கும்போது வழி மாற்றி விட எதுவும் இல்லை. இணைப்பு இருந்து, சில இடங்களுக்குப் போக மட்டும் தடை இருக்கும் ஊர்களுக்குத்தான் பிரிட்ஜ்.

எந்த வகை பிரிட்ஜ்?

முகவரி பட்டியலில் இல்லை என்பது மட்டும் போதவில்லை. சீனத் தணிக்கைக் கருவி, டார் இணைப்பு தொடங்கும் விதத்தைப் பார்த்தே அடையாளம் கண்டது. சந்தேகம் வந்தால் தானே ஒரு டார் பயனர்போல அந்த முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்கும். உள்ளிருந்து டார் மொழியில் பதில் வந்தால் அடுத்த நிமிடம் அந்த முகவரிக்குத் தடை. 2012-இல் வெளியான ஆய்வுகளிலேயே இந்தக் கதவு தட்டும் வித்தை விரிவாகப் பதிவாகியிருக்கிறது.

அதற்குப் பதிலடியாக வந்ததுதான் ஓபிஎஃப்எஸ்4. இது இரண்டு காரியம் செய்கிறது. போக்குவரத்தை எந்த ஒழுங்கும் தெரியாத வெறும் இரைச்சல்போல மாற்றிவிடும். தட்டுபவரிடம் சரியான சாவி இல்லையென்றால் வாயே திறக்காது. அந்தச் சாவி பிரிட்ஜ் முகவரியோடு சேர்த்தே பயனருக்குக் கொடுக்கப்படுகிறது. முகவரியை மட்டும் ஊகித்து வரும் தணிக்கையாளருக்குக் கிடைப்பது மௌனம்.

வெப்டனல் என்று இன்னொரு வகை 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அது சாதாரண எச்டிடிபிஎஸ் இணையதளம்போலவே தோன்றும். தெரிந்த வகைப் போக்குவரத்தை மட்டும் அனுமதித்து மற்றதையெல்லாம் தடுக்கும் இடங்களில் இரைச்சலே சந்தேகத்துக்குரியதாகிவிடும். அங்கே வெப்டனல் எடுபடும். ஆனால் சொந்த டொமைன் பெயரும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வெப் சர்வரும் வேண்டும்.

சர்வரே இல்லை, வீட்டுக் கணினி மட்டும்தான் என்பவர்கள், பிரவுசரையே தற்காலிகப் பாலமாக்கும் ஸ்னோஃப்ளேக் நீட்சியைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு சொடுக்கில் முடியும். 2022 செப்டம்பரில் மாசா அமினியின் மரணத்துக்குப் பிறகு ஈரானில் போராட்டம் வெடித்து இணையம் முடக்கப்பட்டபோது அங்கிருந்து ஏராளமானோர் டாருக்குள் வந்தது ஸ்னோஃப்ளேக் வழியாகத்தான். அதைச் சின்ன உதவி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதன்முதலாக அமைப்பவருக்கு நான் சொல்வது ஓபிஎஃப்எஸ்4. கீழே வருவது அதற்கான வழி.

கையில் என்ன இருக்க வேண்டும்

எந்நேரமும் ஓடும் ஒரு லினக்ஸ் இயந்திரம். நான் டெபியனை வைத்துச் சொல்கிறேன். உபுண்டுவிலும் ஏறக்குறைய இதேதான். நினைவகம் 512 எம்பி இருந்தால் தாராளம். வேகம் ஏற்றத்திலும் இறக்கத்திலும் நொடிக்கு 1 மெகாபிட்டாவது இருக்கட்டும். நொடிக்கு 10 மெகாபிட்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பொது ரிலே நடத்துவதைவிட பிரிட்ஜ் நடத்துவதே நல்லது என்று டார் திட்டமே சொல்கிறது. மாதத்துக்கு 100 ஜிபியாவது போய்வர இடம் வேண்டும்.

வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய ஐபி முகவரியும் வேண்டும். நம் வீட்டு இணைப்புகளில் பலர் தடுக்கி விழும் இடம் இது. ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி இணைப்புக்கு அது காட்டும் ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கும் எண் என்றால், ஒரே முகவரியை இணைய நிறுவனம் உங்களைப்போல நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து யாரும் உங்களை வந்து தொட முடியாது. நிலையான ஐபி கேட்டு வாங்க வேண்டும், அல்லது வெளியே ஒரு விபிஎஸ், அதாவது வாடகை மெய்நிகர் சர்வர், எடுக்க வேண்டும். எந்தப் பங்கீடும் இல்லாமல், அவ்வப்போது மாறும் சொந்த ஐபி கிடைத்தால் அது போதும்.

விபிஎஸ் எடுப்பதாக இருந்தால், எல்லாரும் போகும் கடைக்கே போகாதீர்கள். ஹெட்ஸ்னர், ஓவிஎச், டிஜிட்டல்ஓஷன் போன்ற இடங்களில் டார் ரிலேக்கள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தடுப்பவருக்கு வேலை எளிது. அதிகம் பேர் சொல்லாத சிறிய நிறுவனம் ஒன்றைத் தேடுங்கள். அந்த ஐபியில் ஏற்கெனவே பொது டார் ரிலே எதுவும் ஓடியிருக்கக் கூடாது; நீங்களும் இனி அதில் ஓடவிடக் கூடாது. பொதுப் பட்டியலில் ஏறிய முகவரி பிரிட்ஜுக்கு உதவாது.

அமைக்கத் தொடங்கலாம்

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டும்போது அவற்றின் ஆங்கில வடிவில், சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

முதல் வேலை, இயந்திரத்தின் நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கடிகாரம் பிசகியிருந்தால் டார் ஒழுங்காக இணையாது. அப்புறம் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் தொகுப்பைப் போட்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படி செய்துவிடுங்கள். ஆர்வத்தில் அமைத்துவிட்டு ஆறு மாதம் திரும்பிப் பார்க்காமல் விடும் சர்வர்கள்தான் ஆபத்து.

டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கும் டார் பதிப்பு சற்றுப் பழையதாக இருக்கும். டார் திட்டம் தானே நடத்தும் ஆப்ட் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொண்டால் புதியது உடனுக்குடன் வரும். சேர்த்த பிறகு:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டார் ஓபிஎஃப்எஸ்4பிராக்ஸி

ஓபிஎஃப்எஸ்4பிராக்ஸிக்கு இப்போது லைர்பேர்ட் என்று புதுப் பெயர். உங்கள் கணினியில் எந்தப் பெயரில் கிடைக்கிறதோ அதைப் போடுங்கள். எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை விச் கட்டளையால் பார்த்துக் குறித்து வையுங்கள், கீழே தேவைப்படும்.

அடுத்தது போர்ட் எண்கள். இரண்டு வேண்டும்: ஒன்று டாருக்கு (இதைத்தான் கீழே ஓஆர்போர்ட் என்கிறேன்), இன்னொன்று ஓபிஎஃப்எஸ்4-க்கு. இரண்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். 9001-ஐத் தொடவே தொடாதீர்கள். அது டாரின் வழக்கமான போர்ட் என்பது தணிக்கையாளர் எல்லாருக்கும் தெரியும். தேடுபவர் முதலில் தட்டுவதே அந்தக் கதவைத்தான். நாமாக யோசித்தால் மனசு எப்போதும் அழகான எண்ணாகவே எடுக்கும். இயந்திரத்தையே கேளுங்கள்:

ஷஃப் -ஐ 10000-60000 -என் 2

வரும் இரண்டு எண்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சில அலுவலக, கல்லூரி இணைப்புகளில் 443 தவிர வேறு போர்ட் வேலை செய்யாது என்பதால், ஓபிஎஃப்எஸ்4-ஐ 443-இல் வைப்பவர்களும் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டைத் திறக்க அந்த நிரலுக்குத் தனி அனுமதி கொடுக்க வேண்டும், டார் சேவையின் அமைப்புக் கோப்பிலும் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். முதல் தடவையே அதில் இறங்க வேண்டாம்.

இப்போது முக்கியமான கோப்பு. /எட்ஸி/டார்/டார்ஆர்சி என்பதை நானோவில் சூடோ கொடுத்துத் திறந்து, கடைசியில் இந்த ஏழு வரிகளைச் சேருங்கள்:

பிரிட்ஜ்ரிலே 1
ஓஆர்போர்ட் 38417
சர்வர்டிரான்ஸ்போர்ட்பிளகின் ஓபிஎஃப்எஸ்4 எக்ஸெக் /யூஎஸ்ஆர்/பின்/ஓபிஎஃப்எஸ்4பிராக்ஸி
சர்வர்டிரான்ஸ்போர்ட்லிசன்அட்ர் ஓபிஎஃப்எஸ்4 0.0.0.0:51926
எக்ஸ்ட்ஓஆர்போர்ட் ஆட்டோ
கான்டாக்ட்இன்ஃபோ உங்கள் மின்னஞ்சல்
நிக்நேம் நீங்கள் வைக்கும் பெயர்

முதல் வரிதான் இது பட்டியலில் ஏறாத ரிலே என்று சொல்கிறது. அதை விட்டுவிட்டால் உங்கள் இயந்திரம் பொது ரிலேயாகக் கிளம்பி, முகவரி ஊரறியப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு திருத்தினாலும் போன முகவரி போனதுதான். டாரை மீண்டும் தொடங்கும் முன் இந்த ஒரு வரியை இரண்டு முறை பாருங்கள்.

நான் போட்டிருக்கும் போர்ட் எண்களை அப்படியே போடாமல், ஷஃப் கொடுத்த உங்கள் எண்களைப் போடுங்கள். மூன்றாம் வரியின் கடைசியில் விச் காட்டிய இடத்தைப் போடுங்கள். நான்காம் வரியின் கடைசிச் சொல்லை அட்ரஸ் என்று முழுதாக எழுதிவிடுவது பலரும் செய்யும் பிழை. ஏ, டி, டி, ஆர் என்ற நான்கு எழுத்தோடு அது முடிகிறது. தெரியாத சொல் இருந்தால் டார் கிளம்ப மறுத்துவிடும். அமைப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. அந்தக் கவலை வேண்டாம்.

மின்னஞ்சல் இதற்கென்றே ஒன்று தொடங்கிக் கொடுங்கள். எல்லார் கண்ணிலும் படும் என்று நினைத்தே கொடுங்கள். ஆனால் கொடுக்காமல் விட வேண்டாம். உங்கள் பிரிட்ஜில் கோளாறு என்றால் டார் திட்டத்தார் தொடர்பு கொள்ள அது ஒன்றுதான் வழி. நிக்நேம் 19 எழுத்துக்குள், ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். உங்கள் ஊர், தெரு, நிறுவனம் எதையும் காட்டிக்கொடுக்காத பெயராக இருக்கட்டும்.

போக்குவரத்துக்கு மாத வரம்பு இருக்கும் சர்வர் என்றால் இன்னும் இரண்டு வரி வேண்டும்:

அக்கவுன்டிங்ஸ்டார்ட் மன்த் 1 00:00
அக்கவுன்டிங்மேக்ஸ் 400 ஜிபைட்ஸ்

இந்த 400 என்பது வருவதற்குத் தனியாக, போவதற்குத் தனியாக. இரண்டையும் கூட்டிக் கணக்கிடும் நிறுவனம் என்றால் மாதம் 800 ஜிபி வரை போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரம்பு வந்ததும் டார் தூங்கிவிடும், அடுத்த மாதத்தில் ஏதோ ஒரு நேரத்தில் எழும்.

ஃபயர்வால், அப்புறம் லாக்

சர்வரில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் ஓடுகிறது என்றால் இரண்டு போர்ட்டையும் டிசிபிக்குத் திறந்துவிடுங்கள். வீட்டில் என்றால் ரவுட்டரில் அந்த இரண்டு போர்ட்டையும் உங்கள் இயந்திரத்துக்குத் திருப்பிவிட வேண்டும். பிறகு:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டார்
சூடோ ஜர்னல்சிடிஎல் -ஈ -யூ டார்@டிஃபால்ட்

லாக்கில், அதாவது டார் எழுதும் பதிவேட்டில், மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஓபிஎஃப்எஸ்4 பதிவாகிவிட்டது என்று ஒரு வரி, அதில் உங்கள் போர்ட் எண் தெரியும். டார் வலையமைப்போடு இணைந்தாயிற்று என்பதைக் காட்டும் பூட்ஸ்டிராப் 100 சதவீதம் என்று ஒன்று. மூன்றாவதாக, உங்கள் ஓஆர்போர்ட்டை வெளியிலிருந்து எட்ட முடிகிறது என்று டார் தானே சோதித்துச் சொல்லும் வரி. இது வர 20 நிமிடம்கூட ஆகலாம்.

என் முதல் பிரிட்ஜில் முதல் இரண்டும் நொடியில் வந்தன. மூன்றாவது வரவே இல்லை. இருபது நிமிடம் கழித்து எட்ட முடியவில்லை, ஃபயர்வாலைப் பாருங்கள் என்ற எச்சரிக்கைதான் வந்தது. யூஎஃப்டபிள்யூவைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. போர்ட் எண்ணை மாற்றினேன், டாரை அழித்துத் திரும்ப நிறுவினேன். இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்தும் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையில் சர்வர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தபோதுதான் அங்கே இன்னொரு ஃபயர்வால் இருப்பது கண்ணில் பட்டது. சர்வருக்கு வெளியே, எனக்கு முன்னால் நிற்கும் காவல் அது. 22-ஆம் போர்ட் தவிர எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தது. அங்கே இரண்டு போர்ட்டையும் சேர்த்த மூன்றாம் நிமிடம் அந்த வரி வந்துவிட்டது. உங்களுக்கும் மூன்றாவது வரி வரவில்லை என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

அந்த வரி ஓஆர்போர்ட்டுக்கு மட்டும்தான் சான்று. ஓபிஎஃப்எஸ்4 போர்ட் திறந்திருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். டார் திட்டத்தின் பிரிட்ஜ் தளத்தில் அதற்கென ஒரு சோதனைப் பக்கம் இருக்கிறது. ஐபியும் போர்ட்டும் கொடுத்தால் சொல்லிவிடும். முகம் தெரியாத வேறு போர்ட் சோதனைத் தளங்களில் இந்த விவரத்தைப் போட வேண்டாம்.

பிரிட்ஜ் வரி

பயனருக்குத் தேவைப்படும் முழு முகவரிக்குப் பெயர் பிரிட்ஜ் வரி. /வார்/லிப்/டார்/பிடி_ஸ்டேட்/ அடைவில், ஓபிஎஃப்எஸ்4_பிரிட்ஜ்லைன் என்ற உரைக்கோப்பில் அதன் அச்சு இருக்கும். மூன்று இடம் காலியாக விட்டிருப்பார்கள்: உங்கள் ஐபி, ஓபிஎஃப்எஸ்4 போர்ட், கைரேகை எண். கைரேகை எண் என்பது உங்கள் பிரிட்ஜின் தனி அடையாளம், லாக்கில் இருக்கிறது. செர்ட் என்று தொடங்கும் நீண்ட எழுத்துக்கோவைதான் நான் முன்பு சொன்ன சாவி. அதில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது.

நிரப்பிய வரியை உங்கள் சொந்த டார் பிரவுசரில் போட்டு இணைத்துப் பாருங்கள். அமைப்புகளில் இணைப்பு என்ற பகுதியில், தெரிந்த பிரிட்ஜைச் சேர்க்கும் இடம் இருக்கும். பக்கம் திறந்தால் எல்லாம் சரி. இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட நம்பகமானது.

லாக்கில் இரண்டு கைரேகைகள் தெரியும். ஒன்று உண்மையானது. இன்னொன்று அதை உருமாற்றி எழுதிய ஹாஷ். டார் மெட்ரிக்ஸ் தளத்தில் உங்கள் பிரிட்ஜ் எப்படி ஓடுகிறது என்று தேட ஹாஷைப் போடுங்கள். அமைத்து மூன்று மணி நேரம் போல ஆனதும் அங்கே தெரியத் தொடங்கும். உதவி கேட்டு எங்காவது எழுத நேர்ந்தாலும் ஹாஷை மட்டுமே கொடுங்கள். லாக்கை அப்படியே நகல் எடுத்து ஒட்டுவதற்கு முன் ஐபி, போர்ட், உண்மைக் கைரேகை மூன்றையும் நீக்குங்கள்.

பிரிட்ஜை யாருக்குக் கொடுப்பது?

ஒன்றும் செய்யாமல் விட்டால் டார் திட்டமே விநியோகித்துக்கொள்ளும். ஒவ்வொரு பிரிட்ஜையும் ஒரு வழிக்கு ஒதுக்குவார்கள்: இணையதளம், மின்னஞ்சல், டெலிகிராம் பாட், டார் பிரவுசருக்குள்ளேயே கேட்டு வாங்கும் வசதி என்று. ஒரு வழியில் புகுந்து தணிக்கையாளர் சுரண்டினாலும் மற்ற வழிகளில் போன பிரிட்ஜ்கள் தப்பிக்கும் என்பதற்காக இந்தப் பிரிவினை. கேட்பவருக்கும் கையளவு முகவரிகளே கிடைக்கும்.

உறவினரோ நண்பரோ தடை உள்ள நாட்டில் இருக்கிறார், அவருக்கு மட்டும்தான் என்றால் டார்ஆர்சியில் பிரிட்ஜ்டிஸ்ட்ரிபியூஷன் நன் என்று ஒரு வரி சேருங்கள். அப்போது யாருக்கும் விநியோகம் ஆகாது. பிரிட்ஜ் வரியை நீங்களே பாதுகாப்பான வழியில் அவரிடம் சேர்க்க வேண்டும்.

பொது விநியோகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் நாள் யாரும் வரமாட்டார்கள். முதல் வாரமும் அப்படியே போகலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை லாக்கில் இதயத்துடிப்பு என்று ஒரு வரி வரும், எத்தனை தனித்தனிப் பயனர் வந்தார்கள் என்று சொல்லும். என்னுடையது பத்து நாள் சுழியம் காட்டியது. காசு கொடுத்து வெறும் இயந்திரத்தை ஓடவிடுகிறோமோ என்று நிறுத்திவிடப் பார்த்தேன். பதினோராம் நாள் காலை 3 என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வெகுநேரம் டெர்மினலை மூட மனம் வரவில்லை. மூன்று பேர், எந்த ஊரோ தெரியாது, என் வழியாக வெளியே போயிருக்கிறார்கள்.

/வார்/லிப்/டார்/ஸ்டேட்ஸ்/ அடைவில் இருக்கும் பிரிட்ஜ் புள்ளிவிவரக் கோப்பைத் திறந்தால் நாடு வாரியாக எண் இருக்கும். ரஷ்யாவுக்கு 8, ஈரானுக்கு 16 என்பதுபோல எல்லாமே எட்டின் மடங்காக வரும். ஒருவர் வந்தாலும் எட்டு என்றே எழுதும். இன்ன நாட்டிலிருந்து இன்றைக்கு ஒரே ஒருவர்தான் வந்தார் என்று தெரிந்தால்கூட அவரைத் தேடிப் போக முடியும் என்பதால் வேண்டுமென்றே இப்படிச் செய்திருக்கிறார்கள்.

வாயைத் திறக்காமல் இருப்பது

நுட்ப வேலை ஒரு மாலையில் முடிந்துவிடும். அதற்கப்புறம் எல்லா நாளும் செய்ய வேண்டிய வேலை இது. சாதித்த மகிழ்ச்சியில் திரைப்பிடிப்பு எடுத்துப் போடத் தோன்றும். அதன் ஒரு மூலையில் ஐபி தெரிந்தால் போதும், இவ்வளவு பாடும் வீண். பிரிட்ஜ் நடத்துகிறேன் என்று சொல்லலாம். எந்த நிறுவனத்தில், எந்த முகவரியில் என்பதைச் சொல்லக் கூடாது. அதே சர்வரில் உங்கள் பெயர் போட்ட வலைப்பதிவை வைக்காதீர்கள்.

இன்னொரு பொறுப்பும் உண்டு. டாருக்குள் வருபவரின் சொந்த ஐபி முகவரியைப் பார்க்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அவர் ஒரு நாட்டில் இதற்காகவே சிறைக்குப் போகக்கூடியவராக இருக்கலாம். டார் தன் லாக்கில் முகவரிகளை மறைத்தே எழுதும். ஸேஃப்லாகிங் என்ற அந்த அமைப்பை ஒருபோதும் அணைக்காதீர்கள். யார் வருகிறார்கள் என்ற ஆர்வத்தில், போக்குவரத்தைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் போன்ற கருவியை ஓடவிடாதீர்கள். ஃபயர்வால் ஒவ்வொரு இணைப்பையும் பதிவு செய்யும்படி வைத்திருந்தால் அதையும் நிறுத்துங்கள். எழுதி வைக்காத முகவரியை யார் வந்து கேட்டாலும் கொடுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

தொடர்ந்து நடத்த

மாதம் ஒரு முறை எட்டிப் பாருங்கள்: டார் ஓடுகிறதா, பதிப்பு புதியதா, வட்டு நிறைந்துவிட்டதா. போதும்.

/வார்/லிப்/டார்/ அடைவிலுள்ள கீஸ், பிடி_ஸ்டேட் இரண்டையும் பூட்டிய பிரதியாக வேறிடத்தில் எடுத்து வையுங்கள். சர்வர் செத்துப்போனாலும் அதே அடையாளத்தோடு இன்னொன்றில் எழுப்பலாம்.

ஒரு கட்டத்தில் பயனர் எண்ணிக்கை திடீரென்று சரியலாம். உங்கள் முகவரி ஏதோ ஒரு நாட்டில் தடுக்கப்பட்டிருக்கலாம். அது உங்கள் தோல்வி இல்லை; அதுவரை வந்தவர்களுக்குப் பயன்பட்டிருக்கிறது, மற்ற நாட்டினருக்கு இன்னும் பயன்படும். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து ஐபியை மட்டும் மாற்றிக் கொடுக்கச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கலாம். கை பழகிய பிறகு வெப்டனலுக்கும் போகலாம். 2024 நவம்பரில் ரஷ்யாவை மனத்தில் வைத்து டார் திட்டம் மறுபடியும் ஆள் கூப்பிட்டபோது கேட்டது 200 வெப்டனல் பிரிட்ஜ்களைத்தான்.

ஓஆர்போர்ட் வெளியே திறந்திருப்பது ஒரு பலவீனம் என்பதையும் அப்போது கவனியுங்கள். ஓபிஎஃப்எஸ்4 வாய் திறக்காவிட்டாலும், பக்கத்துக் கதவான ஓஆர்போர்ட் தட்டியவுடன் டார் மொழியில் பதில் சொல்லிவிடும். முழு இணையத்தையும் துழாவுபவரிடம் அது அகப்படும். வெப்டனல் அமைப்பில் ஓஆர்போர்ட்டை, இயந்திரத்துக்குள் மட்டுமே எட்டும் முகவரியான 127.0.0.1-க்குள் அடைத்து, அஸ்யூம்ரீச்சபிள் 1 என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். ஓபிஎஃப்எஸ்4-க்கும் அப்படிச் செய்யலாம். ஆனால் அப்போது டார் தானே சோதித்துச் சொல்லும் அந்த மூன்றாவது வரி வராது. அதனால்தான் முதல் தடவை திறந்து வைத்தே அமைக்கச் சொன்னேன்.

நடத்த முடியாத நிலை வந்தால் நிறுத்துவதில் தவறில்லை. பொது விநியோகத்தில் இருப்பது என்றால் சூடோ சிஸ்டம்சிடிஎல் டிஸேபிள் --நவ் டார் என்று நிறுத்திவிட்டு, சர்வரைத் திருப்பிக் கொடுக்கும் முன் கீஸ் அடைவை அழித்துவிடுங்கள். யாருக்காவது தனியாகக் கொடுத்த பிரிட்ஜ் என்றால் இரண்டு வாரம் முன்பே அவரிடம் சொல்லுங்கள். புதிய பிரிட்ஜ் வரி ஒன்று அவர் கைக்குப் போய், அதில் இணைந்துவிட்டேன் என்று பதில் வந்த பிறகு பழையதை அணையுங்கள்.